மூன்று வாள் சீட்டின் கதை

புதுப்பட்டினத்திலிருந்து கடலோரமாகச் சற்று வடக்கே சென்றால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் செங்கற் சுவர்கள் தோன்றும். ஐரோப்பியர் நாவில் 'சத்ராஸ்' என்று வழங்கிய துறை இது. மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர் பெற்ற இத்துறைக்கு 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர் வந்து குடியேறினர், கோட்டை எழுப்பினர், தம் இறந்தோரை அடக்கி, கல்லில் பூவும் எழுத்தும் செதுக்கி வைத்தனர். ஊர்ப் பெயரிலேயே ஒரு விளையாட்டு ஒளிந்திருக்கிறது. நாம் இங்கு பேசப் புகுவதும் ஒரு விளையாட்டைப் பற்றியே. ஆயின் அது சதுரங்கம் அன்று, சீட்டு.

எழுதத் தூண்டிய செய்தியை முதலில் சொல்லிவிடுவோம். நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றில் நிச்சயமாகியிருந்த நிக்காஹ் சென்ற ஆண்டு தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் குறை இல்லை. மஹர் பேச்சில் தகராறு இல்லை. மணப்பெண்ணின் மூத்த சகோதரி கைப்பேசியில் 'டாரட்' சீட்டுப் பார்த்திருக்கிறாள். சிவந்த இதயம் ஒன்றை மூன்று வாள்கள் ஊடுருவி நிற்க, பின்னால் மழை கொட்டும் படம் வந்ததாம். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. நாம் சென்று கேட்டபோது அந்தப் பெண், "மாமா, நாங்கள் சாதகம் பார்க்கவில்லையே, நட்சத்திரமும் கேட்கவில்லையே, சோதிடம் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாதா? இது வெறும் படச்சீட்டுத்தானே!" என்றாள். மார்க்கம் அறிந்த வீட்டில் வளர்ந்த பெண். அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அந்த 'வெறும் படச்சீட்டு' எங்கிருந்து வந்தது, அதில் சோதிடம் எப்போது ஏறியது என்பதை வாசக அன்பர்களோடு சேர்ந்து ஒருமுறை தேடிப் பார்ப்போமா?

நம் ஊர்த் திண்ணைகளில் சீட்டாடுவோர் 'இஸ்பேட்' என்கின்றனர். ஆங்கிலேயரின் 'ஸ்பேட்' மண்வெட்டியைக் குறிப்பதன்று. இத்தாலியரும் இசுப்பானியரும் வாளுக்கு வழங்கிய 'ஸ்பாதா', 'எஸ்பாதா' என்ற சொல்லின் வழித்தோன்றல். ஆக, நம் திண்ணையில் விழும் இஸ்பேட் ஒவ்வொன்றும் ஒரு வாள். அந்த வாளைப் பின்தொடர்ந்தால் நாம் போய்ச் சேருமிடம் இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனை.

அங்கே 1931இல் எல். ஏ. மேயர் என்ற அறிஞர் பழைய சீட்டுக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். எகிப்தையும் ஷாமையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கட்டு அது. ஒவ்வொரு சீட்டும் ஏறத்தாழ 25 செ.மீ. உயரம், கையால் தீட்டிப் பொன்னிட்டவை. வாள், கிண்ணம், நாணயம், சௌகான் எனப்பட்ட செண்டாட்டக் கோல் என நான்கு இனங்கள். இனத்துக்குப் பதின்மூன்றாக மொத்தம் 52. பத்து எண் சீட்டுகள் போக மற்ற மூன்றும் மலிக், நாயிப் மலிக், தானீ நாயிப். அதாவது அரசர், அரசரின் பிரதிநிதி, இரண்டாம் பிரதிநிதி. இவர்களுள் எவருக்கும் உருவம் தீட்டப்படவில்லை. பதவியின் பெயர் மட்டும் அழகிய அரபு எழுத்தில் நிற்கிறது. இராசியும் இல்லை, கிரகமும் இல்லை, குறியும் இல்லை. ஆடுவதற்கென்று செய்த கட்டு.

பணம் வைத்தும் ஆடினார்கள் என்பதை மறைப்பானேன்? அல் முஅய்யத் ஷைக் சுல்தானாகுமுன் 'கஞ்சிஃபா' ஆட்டத்தில் பணம் வென்ற செய்தியை எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு தக்ரீபிர்தி எழுதி வைத்திருக்கிறார். முன்னோர் செய்தது எல்லாம் மார்க்கம் ஆகிவிடாது.

இந்தச் சீட்டு மத்தியதரைக் கடலைக் கடந்தது. 1377இல் புளோரன்ஸ் நகர மன்றம் 'நயிப்பே' என்ற புதிய ஆட்டத்துக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் ஒரு கிறித்தவத் துறவி, அவ்வாண்டுதான் தம் நாட்டுக்கு வந்தது என்று சொல்லிச் சீட்டாட்டத்தை விவரித்து எழுதினார். இத்தாலியின் விட்டெர்போ நகரத்து நாளாகமம் ஒன்றோ, 1379இல் சராசனியர் நாட்டிலிருந்து, அதாவது முஸ்லிம்களின் நாட்டிலிருந்து, 'நயிப்' என்னும் ஆட்டம் வந்தது என்றே பதிந்துள்ளது. நாயிப் மலிக்கின் பெயர் ஆட்டத்துக்கே பெயராயிற்று. இன்றும் இசுப்பானியர் சீட்டை 'நைப்பே' என்றுதான் அழைக்கின்றனர். செண்டாட்டம் அறியாத ஐரோப்பியர் சௌகானைத் தடியாக்கினர். வாளையும் கிண்ணத்தையும் நாணயத்தையும் அப்படியே வைத்துக்கொண்டனர்.

அடுத்து நேர்ந்தது இத்தாலியின் சொந்தக் கைவண்ணம். 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டுப் பிரபுக்கள், நாலினக் கட்டோடு தனிப் படச்சீட்டுத் தொகுதி ஒன்றைச் சேர்த்தனர். போப்பாண்டவர், சக்கரவர்த்தி, காதல், மரணம், விண்மீன், சந்திரன், சூரியன் என இப்படி 22 படங்கள்; இவற்றுக்கு 'திரியோன்ஃபி', வெற்றி உலாக்கள் என்று பெயர். ஃபெர்ராரா நகரை ஆண்ட எஸ்தே குடும்பத்தாரின் 1442ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் இச்சீட்டுகளுக்குப் பணம் கொடுத்த பதிவு உண்டு. 56உம் 22உம் சேர்ந்து 78. 1505இல் இதற்குத் 'தாரோக்கி' என்ற பெயர் வருகிறது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'தாரோ'. நம் பெண்களின் கைப்பேசியில் 'டாரட்'.

அந்தப் படச்சீட்டுகளின் வேலை என்ன? மற்ற நான்கு இனங்களையும் வெட்டி எடுப்பது. அவ்வளவே! திரியோன்ஃபி என்ற சொல்லிலிருந்துதான் ஆங்கிலேயரின் 'டிரம்ப்', டச்சுக்காரரின் 'துரூஃப்', போர்த்துக்கீசியரின் 'துருன்ஃபோ' எல்லாம் கிளைத்தன. நம் 'துருப்பு' இம்மூவருள் யார் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்பதை மொழியறிஞர் தீர்க்கட்டும். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் காவல் மாறிய டச்சுச் சிப்பாய் சீட்டுப் போடும்போது துரூஃப் என்றுதான் கத்தியிருப்பான் என்று எண்ணிக்கொள்வதில் நமக்கொரு மகிழ்ச்சி.

விண்மீனும் சந்திரனும் சூரியனும் படத்தில் இருக்கின்றனவே, அது சோதிடம் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய கட்டு ஒன்றில் சந்திரன் சீட்டின்மேல் கவராயம் ஏந்திய இரு வானியலார்கூட இருக்கின்றனர். புளோரன்சில் 'மின்கியாத்தே' என்ற 97 சீட்டுக் கட்டு வழங்கியது. அதில் மேடம் முதல் மீனம் வரை பன்னிரண்டு இராசிகளும் முழுமையாக வந்து அமர்ந்திருக்கின்றன! எனினும் அந்தக் கட்டைக் கொண்டு மக்கள் செய்தது ஆட்டமே. ஆக்ஸ்போர்டுத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூலில் இதை ஆதாரத்தோடு நிறுவினார்: மூன்று நூற்றாண்டுக்கு மேல் தாரோ என்பது ஐரோப்பாவில் ஓர் ஆட்டம், ஆட்டம், ஆட்டம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் போலோஞாவில் 35 சீட்டுகளுக்குக் குறிப்பலன் எழுதிய ஓர் ஏடு கிடைத்துள்ளது. அதிலும் காதலன், பயணம், பணம் என்ற அளவே காணப்படுகிறது. இராசியும் கிரகமும் அங்கே நுழையவில்லை.

நம் நாட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். பாபர் 1527இல் சிந்து நாட்டு ஷா ஹஸனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டு அனுப்பியதைத் தம் நினைவேட்டில் குறித்துள்ளார். அபுல் ஃபஸ்ல், அக்பர் அவையில் ஆடிய பன்னிரண்டு இனச் சீட்டை 'ஆயினே அக்பரி'யில் விரித்துரைக்கிறார். அந்த வட்டச் சீட்டு தக்காணத்தில் தசாவதாரக் கட்டாயிற்று. மராட்டியத்துச் சாவந்தவாடியில் ஒன்பது கிரகங்களுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக 108 சீட்டுள்ள நவக்கிரகக் கட்டும் உண்டாயிற்று. வியப்பு இதுதான்: சோதிடம் தெருவுக்குத் தெரு வழங்கிய நம் நாட்டில் கிரகங்களையே சீட்டில் தீட்டியும் அது ஆட்டமாகவே நின்றது. கிரகமே இல்லாத மம்லூக் வாளும் கிண்ணமும் ஐரோப்பாவில் கிரகம் ஏறிப் பலன் சொல்லத் தொடங்கின!

எப்போது தொடங்கின? ஆண்டைக் குறித்துச் சொல்லலாம்: 1781. அவ்வாண்டு பாரிசில் கூர் தெ ஜெபலென் என்பவர் 'ஆதி உலகம்' என்ற தம் பன்னூல் வரிசையின் எட்டாம் பாகத்தை வெளியிட்டார். அதில்தான் தாரோ, பழைய எகிப்தியப் பூசாரிகள் தம் ஞானத்தைப் படமாக ஒளித்து வைத்த நூல் என்று முதன்முதலில் எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியோன் கண்டறிந்ததோ 1822இல். படிக்க ஒருவரும் இல்லாதபோது எதையும் எகிப்து என்று சொல்லலாமன்றோ? எகிப்திலிருந்து உண்மையாகவே வந்தது மம்லூக் கட்டு. அதை ஜெபலென் அறியார்.

(அந்நாட்களில் நம் கடற்கரை என்ன செய்துகொண்டிருந்தது? 1782 பிப்ரவரி 17இல் இதே சத்ராஸ் கடலில் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூசின் ஆங்கிலக் கப்பல்களும் ஒன்றையொன்று பீரங்கியால் துளைத்தன. பாரிசில் ஒருவர் சீட்டில் ஊழைத் தேடிக்கொண்டிருக்க, பிரெஞ்சு மாலுமிகள் பலர் இங்கே அதைச் சந்தித்தனர்.)

ஜெபலெனைப் பின்பற்றி அல்லியெத் என்ற பாரிசுக்காரர் தம் பெயரைத் தலைகீழாக்கி 'எத்தெயிலா' என வைத்துக்கொண்டு, 1785இல் தாரோவால் குறி பார்க்கும் நூலை அச்சிட்டார். சில ஆண்டில் தாமே ஒரு கட்டும் வெளியிட்டார். முதற் பன்னிரண்டு சீட்டுகளுக்கும் பன்னிரண்டு இராசிகளைப் பங்கிட்டார். சீட்டுக்கும் சோதிடத்துக்கும் நடந்த நிக்காஹ் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. வலீ யார், சாட்சி யார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

முடிச்சை இறுக்கியவர்கள் லண்டனில் 1888இல் தோன்றிய 'கோல்டன் டான்' என்ற இரகசிய சங்கத்தார். அவர்கள் 22 படங்களைப் பன்னிரண்டு இராசி, ஏழு கிரகம், மூன்று பூதம் என்று கணக்காகப் பிரித்தனர். எஞ்சிய சீட்டுகளில் இரண்டு முதல் பத்து வரை இனத்துக்கு ஒன்பது, நான்கு இனத்துக்கு முப்பத்தாறு. சோதிடத்தில் முப்பத்தாறு எது? தமிழ்ச் சோதிடரைக் கேட்டால் உடனே சொல்வார்: திரேக்காணம்! இராசி ஒன்று 30 பாகை. அதை மூன்றாக்கினால் பத்துப் பாகைத் துண்டு ஒன்று திரேக்காணம். பன்னிரண்டு இராசிக்கும் முப்பத்தாறு.

இந்தத் திரேக்காணத்தின் பயணம் சீட்டின் பயணத்தைவிடச் சுவையானது. இரவில் நேரம் கணிக்க விண்மீன் கூட்டங்களை முப்பத்தாறாக வகுத்தவர்கள் பழைய எகிப்தியர். கிரேக்கர் அதைச் சோதிடத்தில் சேர்த்தனர்; அவர்கள் வழி இந்தியா வந்தது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் 'பிருகத் ஜாதக'த்தில் முப்பத்தாறு திரேக்காணங்களுக்கும் உருவம் சொன்னார். 9ஆம் நூற்றாண்டில் பல்கு நகரத்து அபூ மஅஷர் பக்தாதிலிருந்து எழுதிய 'பேரறிமுக' நூலில் பாரசீகர், இந்தியர், கிரேக்கர் மூவரும் சொன்ன உருவங்களை அடுத்தடுத்துத் தொகுத்தார். அரபியில் அதற்கு 'வஜ்ஹ்', முகம் என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனுக்குப் போயிற்று. 1469ஐ ஒட்டி ஃபெர்ராராவின் ஸ்கிஃபனோயா மாளிகைச் சுவரில் ஓவியர்கள் அவ்வுருவங்களைத் தீட்டினர். அங்குள்ள விந்தை மனிதர்கள் யாரென்று தெரியாமல் பலரும் திகைத்திருக்க, ஜெர்மானிய அறிஞர் ஆபி வார்பர்க் 1912இல் ரோமில் எழுந்து, இவர்கள் அபூ மஅஷர் வழி வந்த இந்தியத் திரேக்காணங்கள் என்று காட்டினார்.

ஃபெர்ராரா, அன்பர்களே! துருப்புச் சீட்டுக்குப் பணம் கொடுத்த அதே எஸ்தே குடும்பத்தின் மாளிகை. ஒரே ஊர், ஒரே குடும்பம், ஒரே தலைமுறை. கெய்ரோவிலிருந்து வந்த சீட்டு மேசையின்மேல். பக்தாதிலிருந்து வந்த திரேக்காணம் சுவரின்மேல். மேசையையும் சுவரையும் இணைத்துப் பலன் சொல்ல அவர்களுள் எவருக்கும் தோன்றியதாக ஒரு சான்றும் இல்லை. நானூறு ஆண்டு கழித்து லண்டனில் உட்கார்ந்தவர்கள் அதைச் செய்துவிட்டு, பண்டைக்காலத்து இரகசியம் என்றனர்.

கணக்கு எளிதில் பொருந்தவும் இல்லை. பழைய மர்செய்ல் கட்டுகளில் எட்டாம் படம் நீதி, பதினொன்றாம் படம் வலிமை. நீதியின் கையில் தராசு. ஆகவே அது துலாம். வலிமையின் அருகில் சிங்கம், ஆகவே சிம்மம். ஆனால் இராசி வரிசையில் சிம்மம் முந்தி, துலாம் பிந்தி. சங்கத்தார் என்ன செய்தனர் தெரியுமா? சீட்டின் வரிசையை மாற்றிவிட்டனர்! வலிமை எட்டாயிற்று, நீதி பதினொன்றாயிற்று. அச்சங்கத்திலிருந்த வெயிட் என்பவர் எழுத, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் தீட்ட, 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டும் அம்மாற்றத்தையே ஏற்றது. இன்று கைப்பேசிகளில் மிகுதியும் உலவுவது அந்தக் கட்டின் படங்கள்தாம்.

இனி அந்தப் பெண்ணை நடுங்கவைத்த சீட்டுக்கு வருவோம். இதயத்தைத் துளைத்த மூன்று வாள். படம் 15ஆம் நூற்றாண்டு இறுதியின் 'சோலா புஸ்கா' என்ற இத்தாலியக் கட்டில் முன்பே உண்டு. அதன் நிழற்படங்கள் 1907இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 'துயரம்' என்ற பொருளைக் கோல்டன் டான் கணக்கு தந்தது. வாள் இனத்தின் இரண்டும் மூன்றும் நான்கும் துலாம் இராசிக்கு. மூன்று அதன் நடுத்திரேக்காணம், பத்து முதல் இருபது பாகை வரை. அதற்கு உரிய கிரகம் சனி. சனி என்றால் துயரம். ஆனால் நம் பஞ்சாங்கக்காரர் எவரையும் கேட்டுப் பாருங்கள்: சனி உச்சம் பெறும் இராசி துலாம், பரம உச்சமோ சரியாக இருபதாம் பாகை! உச்சத்தில் சனி நன்மை செய்வான் என்று அவர் அடித்துச் சொல்வார். லண்டன் சோதிடம் அழச் சொல்லும் இடத்தில் காஞ்சிபுரத்துச் சோதிடம் கல்யாண மேளம் கொட்டச் சொல்கிறது. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. இரண்டும் தம்முள் ஒத்துவரவில்லை என்பதைக் காட்டுகிறோம்.

மாமல்லபுரம் கடற்கரையில் கிளி சோதிடர்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். நட்சத்திரக் கணக்கில் இருபத்தேழு படச்சீட்டு; நெல்மணிக்காகக் கிளி ஒன்றை உருவிக் கொடுக்கும். சில கட்டுகளில் மாதா படமும் மக்காப் படமும்கூட உண்டு. எந்த மதத்தவர் வந்தாலும் வருவாய் வரட்டும் என்ற தொழில் நெளிவு அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் கூண்டுக் கிளி அருகிவிட்டது. 2024 தேர்தல் வேளையில் கடலூரில் வேட்பாளர் ஒருவருக்குக் குறி சொன்னவரை வனத்துறையினர் பிடித்தனர். அந்தச் சோதிடர் தம் தொழிலைச் சோதிடம் என்றே சொல்லிக்கொண்டார். 'வெறும் படம்' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

திருமறையின் அல் மாயிதா அத்தியாயம் 90ஆம் வசனம், மதுவோடும் சூதாட்டத்தோடும் 'அஸ்லாம்' எனும் குறியம்புகளைச் சேர்த்தே விலக்குகிறது. மக்கத்து அரபியர் ஒட்டகத்தைப் பங்கிட உருவியதும் அம்பு; பயணம் போகலாமா, மணம் முடிக்கலாமா என்று ஹுபல் சிலைமுன் உருவியதும் அம்பு. ஆட்டக் கருவியே குறிக் கருவியாவது அன்றே இருந்த நோய். மக்கா வெற்றியின்போது கஅபாவுக்குள் இப்றாஹீம் நபியும் இஸ்மாயீல் நபியும் (அலை) கையில் குறியம்பு ஏந்தியவாறு தீட்டியிருந்த படங்களை நபிகள் நாயகம் (ஸல்) அகற்றச் செய்த செய்தி புகாரீ ஷரீபில் உள்ளது. அந்த இருவரும் ஒருபோதும் அம்பு உருவிக் குறி பார்த்தவர்கள் அல்லர். பெரியோர் பெயரை ஒட்டிவிட்டால் சரக்கு விலைபோகும் என்ற தந்திரம், கூர் தெ ஜெபலெனுக்குப் பதினொரு நூற்றாண்டு முந்தியது.

நம் அறிஞர்கள் வானத்தை ஒதுக்கியவர்கள் அல்லர். தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் விண்மீன் வேண்டும். டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னுஷ் ஷாத்திர் வகுத்த கோள் கணிதத்தை இன்றும் வியக்கின்றனர். அல் பீரூனீ 1029இல் சோதிடக் கலையையே கேள்வி பதிலாக எழுதினார். எழுதியும் அதன் தீர்ப்புகளை நம்பினாரில்லை. இப்னு ஸீனா மறுப்பு எழுதினார். புளோரன்சில் நயிப்பேக்குத் தடை பிறந்த அதே 1377இல் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வை முடித்தார். அதில் சோதிடம் ஏன் அறிவாகாது என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனாலும் அவர் சொல்லி ஊர் கேட்டதா? நம் வீடுகளிலேயே 'பால் கிதாபு' பார்த்தவர்கள் இருந்தார்கள். களவு போன நகைக்கும், கப்பலேறிப் போன மகனுக்கும் கிதாபைத் திறந்து எழுத்தில் விரல் வைத்தார்கள். அந்தப் பாட்டிமாரைக் குறைசொல்ல நமக்கு வாய் வரவில்லை. கடிதம் வர ஆறு மாதமான காலம் அது. கைப்பேசியில் மாப்பிள்ளையின் குரலையே கேட்கும் காலத்தில் மூன்று வாளைக் கேட்பதுதான் நமக்குப் புரியவில்லை.

அந்தப் பெண்ணிடம் நாம் பயான் எதுவும் செய்யவில்லை. எட்டாம் படத்தையும் பதினொன்றாம் படத்தையும் அவள் கைப்பேசியிலேயே எடுக்கச் சொன்னோம். பழைய மர்செய்ல் கட்டின் படங்களையும் தேடி அருகில் வைக்கச் சொன்னோம். நெடுநேரம் பார்த்தாள். "இது எப்படி மாமா மாறியது?" என்றாள். லண்டன் கதையைச் சொன்னோம். "அப்படியானால் என் சீட்டின் துயரம்?" என்றாள். அது சனியின் கணக்கு என்றதும் தலை நிமிர்ந்தாள். "சனியா? அதைத்தானே நாங்கள் பார்ப்பதில்லை!"

உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய உம்மா கதவோரம் வந்து நின்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்லி அனுப்புவது, தள்ளிப்போட்டதற்கு என்ன காரணம் சொல்வது என்று நம்மைக் கேட்டார். அதற்குத்தான் நம்மிடம் விடை இல்லாமற் போயிற்று.